வரைவை முதலில் யாரிடம் காட்டுவது?

போன பருவத்தில் எங்கள் வார்டுக்குப் பயிற்சிக்கு வந்த மாணவி ஒருத்தி, வேலை முடிந்து கை கழுவிக்கொண்டிருந்த என் பக்கத்தில் வந்து நின்றாள். "அக்கா, நோயாளியைப் பத்தின ஒப்படைப்பு ரெண்டாயிரம் சொல் எழுதிட்டேன். இன்னும் ஒன்பது நாள் இருக்கு. யார்கிட்ட கொடுத்துத் திருத்துறது?"

ஆக்குபேஷனல் தெரபி (நோய்க்குப் பிறகு அன்றாடச் செயல்களை மீண்டும் செய்யப் பழக்கும் எங்கள் துறை) படிப்பவர்கள், இயன்முறை சிகிச்சை, பேச்சுச் சிகிச்சை, தாதிமை படிப்பவர்கள் என்று ஆண்டுக்கு நான்கைந்து பேராவது என்னிடம் இதைக் கேட்டுவிடுகிறார்கள். யாருக்குமே நேரம் தாராளமாக இருப்பதில்லை. உலக ஆக்குபேஷனல் தெரபிஸ்டுகள் கூட்டமைப்பு வகுத்த குறைந்தபட்சத் தரத்தின்படி, படிப்பு முடிவதற்குள் 1,000 மணி நேரமாவது நேரடிப் பயிற்சி இருக்க வேண்டும். பகல் முழுக்க வார்டு, ரயிலில் நின்றபடியே மறுநாள் நோயாளிக்கான திட்டம், வீட்டில் சாப்பிட்ட பிறகுதான் ஒப்படைப்பு. சிங்கப்பூர்த் தொழில்நுட்பக் கழகம் 2016ல் நான்காண்டுப் பட்டப்படிப்பைத் தொடங்குவதற்கு முன்னால், நாங்கள் நன்யாங் பலதுறைத் தொழிற்கல்லூரியில் டிப்ளமா முடித்து வேலைக்கு வந்தவர்கள். வார்டுக் குறிப்பு எழுத முதலில் கற்றோம். சான்று காட்டி நீளமாக வாதிட்டு எழுதுவதைப் பிறகு பட்டப்படிப்பில் கற்றோம். இப்போது படிப்பவர்கள் இரண்டையும் ஒரே வாரத்தில் செய்கிறார்கள். காலையில் நான்கு வரிக் குறிப்பு, இரவில் பத்துப் பக்கக் கட்டுரை.

அந்த மாணவிக்கு ஆறு வழிகள் இருந்தன. ஏஐ செயலி, காசு வாங்கிக்கொண்டு திருத்திக் கொடுப்பவர், வகுப்புத் தோழிகள், பல்கலைக்கழகத்தின் எழுத்து ஆலோசகர், வார்டில் நாங்கள், கடைசியாக மதிப்பெண் போடும் ஆசிரியர். ஒன்பது நாளில் ஆறு பேரிடமும் ஓட முடியாது. ஓடினாலும் ஆறு பேர் ஆறு விதமாகச் சொல்வதைக் கேட்டு மாற்றினால், எழுத்து அவளுடையதாக மிஞ்சாது. அதனால் முதலில் யார், அடுத்து யார், யாரிடம் கொடுக்கவே வேண்டாம் என்று ஒரு வரிசை தேவைப்பட்டது.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முதல் வாசகர் உங்களிடம் கேள்வி கேட்பவராக இருக்க வேண்டும், திருத்துபவர் கடைசியில் வந்தால் போதும். மாணவர்கள் பெரும்பாலும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். ஆங்கிலம் சரியில்லை என்ற பயத்தில் முதலில் இலக்கணத்தைச் சரிசெய்யப் போகிறார்கள். பத்தாண்டுகளுக்கு மேல் மாணவர் எழுத்தைப் படித்துவரும் எனக்கு, ஆங்கிலத்தால் மட்டும் தோற்ற கட்டுரை ஒன்றுகூட நினைவில் இல்லை. தோற்றவையெல்லாம், எழுதியவர் என்ன சொல்ல வந்தார் என்று பிடிபடாமல் தோற்றவை.

இதை விளக்க அந்த மாணவியின் ஒரே ஒரு பத்தி போதும். ஆங்கிலத்தில் எழுதியிருந்தாள், தமிழில் சொன்னால் இப்படி வரும்:

"இந்தியப் பெண்களின் வாழ்வில் கோலம் ஒரு முக்கியமான பண்பாட்டுச் செயல்பாடு. பக்கவாதத்துக்குப் பிறகு நோயாளியின் வலது கை பலவீனமாக இருந்தது. மாற்றியமைக்கப்பட்ட பார்தல் குறியீட்டில் அவருடைய மதிப்பெண் 62லிருந்து 78க்கு உயர்ந்தது. சிகிச்சைக்குப் பிறகு நோயாளி கோலம் போட்டார். மிகவும் மகிழ்ச்சியடைந்தார்."

பாட்டி யாரென்று தெரியாமலிருக்க எண்களையும் சில விவரங்களையும் மாற்றியிருக்கிறேன். இதை இங்கே எழுத மாணவியிடம் சம்மதமும் கேட்டுக்கொண்டேன்.

இதில் இலக்கணப் பிழை என்று எதையும் காட்ட முடியாது. ஆனால் ஐந்து வாக்கியமும் ஐந்து தனி மனிதர்கள் போல நிற்கின்றன. ஒன்றின் கையை இன்னொன்று பிடிக்கவில்லை. மதிப்பெண் உயர்ந்ததற்கும் கோலத்துக்கும் என்ன தொடர்பு? ஒருவர் அன்றாடச் செயல்களை எவ்வளவு தாமாகச் செய்கிறார் என்று அளப்பது பார்தல் குறியீடு. அதன் பத்து அம்சங்களும் குளிப்பது, உண்பது, உடுத்துவது, கழிவறை போவது, நடப்பது, படியேறுவது போன்றவை. கோலம் அதில் எங்கும் இல்லை. இந்தப் பத்தி யார் கைக்குப் போனால் என்ன ஆகும் என்பதுதான் என் ஒப்பீடு.

என்னிடம் வருவதற்கு முன்பே அவள் இதை ஏஐயிடம் கொடுத்துப் பார்த்திருந்தாள். சில நொடிகளில் வழவழவென்று திரும்பி வந்தது. "மேலும்", "குறிப்பிடத்தக்க வகையில்", "இதன் விளைவாக" என்று இணைப்புச் சொற்கள் சேர்ந்திருந்தன. படிக்க நன்றாக இருந்தது. நான் அந்த "இதன் விளைவாக"வில் விரலை வைத்தேன். "சிகிச்சையால்தான் பாட்டி கோலம் போட்டாங்கன்னு நீ சொல்றியா?" அவள் யோசித்தாள். அப்படிச் சொல்ல அவளிடம் சான்று இல்லை. ஒரே ஒரு நோயாளி, ஒப்பிட வேறு யாரும் இல்லை. பக்கவாதத்துக்குப் பிந்தைய முதல் சில மாதங்களில் மூளை தானாகவும் ஓரளவு தேறும். அவள் சொல்லாத காரணத்தொடர்பு ஒன்றை ஓர் இணைப்புச் சொல் உள்ளே கொண்டுவந்து வைத்துவிட்டது. வாக்கியம் அழகாக இருந்ததால் அவள் கவனிக்கவில்லை. சுகாதாரத் துறை எழுத்தில் "பிறகு" என்பதும் "அதனால்" என்பதும் வெவ்வேறு கூற்றுகள். இரண்டாவதைச் சொல்ல எவ்வளவோ உழைக்க வேண்டும்.

ஏஐ இன்னொரு இடத்திலும் ஏமாற்றும். மேற்கோள் நூல்களை அது இட்டுக்கட்டும். வேறொரு மாணவரின் வரைவில் ஒரு கட்டுரையைத் தேடி அரை மணி நேரம் செலவழித்தேன். ஆய்விதழ் நிஜம், ஆண்டு பொருத்தம், ஆசிரியர்களின் பெயர்கள் நம் துறையில் கேட்ட பெயர்கள். அந்தத் தலைப்பில் கட்டுரைதான் இல்லை. கொடுத்திருந்த டிஓஐ எண்ணை (கட்டுரைக்குரிய நிலையான இணைய அடையாளம்) அழுத்தினால் சம்பந்தமே இல்லாத வேறொன்று திறந்தது. அந்த மாணவர் ஏமாற்ற நினைத்தவர் அல்லர். திறந்து பார்க்காமல் விட்டவர். ஆனால் பிடிபட்டால் இரண்டும் ஒன்றுதான்.

மூன்றாவதுதான் எனக்கு மிகவும் கவலை தருவது. நோயாளியின் விவரம். பெயரையும் அடையாள அட்டை எண்ணையும் நீக்கிவிட்டால் போதும் என்று மாணவர்கள் நினைக்கிறார்கள். இது சின்னத் தீவு. இன்ன பேட்டையில், வீவக அடுக்குமாடி வீட்டு வாசலில் தினமும் கோலம் போடுகிற, போன மாதம் பக்கவாதம் வந்த தமிழ்ப் பாட்டி என்று சொன்னால், அந்தப் புளோக்கில் இருப்பவர்களுக்குப் பெயர் எதற்கு? 2012ல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். பயிற்சிக்கு வரும் முதல் நாளே மருத்துவமனையில் இரகசியக் காப்பு உறுதிமொழியில் கையெழுத்திட்டிருக்கிறீர்கள். உங்கள் கைப்பேசியில் இருக்கும் பொதுச் செயலியில் அந்தப் பத்தியை ஒட்டினால், அது எங்கே சேமிக்கப்படுகிறது என்று உங்களால் சொல்ல முடியாது. அந்த மாணவி ஒட்டியிருந்தாள். அன்று மாலையே அவளுடைய ஆசிரியரிடம் அதைச் சொல்லிவிடும்படி அனுப்பினேன். அவர் கோபிக்கவில்லை, உரையாடலை அழிக்கச் சொல்லி, இனி என்ன செய்யலாம், கூடாது என்று உட்காரவைத்து விளக்கினார்.

ஏஐயை அறவே தொடாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. இடம் அறிந்து தொடுங்கள். முதலில், அந்த ஒப்படைப்பில் அதற்கு அனுமதி உண்டா என்று அறிவுறுத்தலைப் படியுங்கள்; பாடத்துக்குப் பாடம் விதி மாறும். பயன்படுத்தினால் அதை வெளிப்படையாகக் குறிப்பிடுங்கள். மருத்துவ ஆய்விதழ் ஆசிரியர்களின் பன்னாட்டுக் குழுவும் 2023ல் இதைத்தான் விதியாக்கியது: ஏஐ நூலாசிரியராக இருக்க முடியாது, பயன்படுத்தியதை மறைக்கக் கூடாது. நோயாளி வராத பத்திகளை மட்டும் கொடுங்கள். திருத்தச் சொல்வதைவிட, "இந்தப் பத்தி எதை நிறுவ முயல்கிறது என்று ஒரே வரியில் சொல்" என்று கேளுங்கள். அது சொல்லும் வரியும் நீங்கள் நினைத்த வரியும் பொருந்தவில்லை என்றால் பத்தியில் கோளாறு இருக்கிறது. திருத்தும் வேலை உங்களுடையது.

அடுத்து, காசு கொடுத்துத் திருத்துவது. இதில் என் அனுபவம் கசப்பானது. பட்டப்படிப்பின்போது, இலக்கணம் பார்த்துத் தருவதாகச் சொன்ன ஒருவரிடம் பல வாரச் சேமிப்பைக் கொடுத்து என் கட்டுரையை ஒப்படைத்தேன். ஒப்படைக்க வேண்டிய நாளுக்கு முந்தைய இரவு திரும்பி வந்தது. "ஆக்குபேஷன்" என்று நான் எழுதியிருந்த இடங்களில் பாதிக்கு மேல் "ஜாப்" என்று மாறியிருந்தது. ஒரே சொல் திரும்பத் திரும்ப வருகிறதே என்று நல்லெண்ணத்தோடுதான் மாற்றியிருப்பார். எங்கள் துறையில் அந்தச் சொல்லுக்கு வேலை என்று மட்டும் பொருள் இல்லை. ஒரு மனிதர் தம் நாளை நிரப்பிக்கொள்ளும், தமக்குப் பொருள் தரும் எல்லாச் செயல்களும் அதில் அடங்கும். அமெரிக்க ஆக்குபேஷனல் தெரபி சங்கம் 2020ல் வெளியிட்ட நான்காம் பதிப்பு நடைமுறைச் சட்டகம் அவற்றை ஒன்பது வகையாகப் பிரிக்கிறது. அன்றாடச் சுயபராமரிப்பு, வீடு நடத்துவது போன்றவை, உடல்நலம் பேணுதல், ஓய்வும் உறக்கமும், கல்வி, வேலை, விளையாட்டு, பொழுதுபோக்கு, சமூகத்தில் கலந்துகொள்ளுதல். வேலை அந்த ஒன்பதில் ஒன்று. எண்பது வயதுத் தாத்தாவின் "ஜாப்" என்று கட்டுரை முழுக்க நின்றதை இரவு இரண்டு மணிவரை உட்கார்ந்து ஒவ்வொன்றாக மாற்றினேன்.

அன்று நான் கற்ற பாடம் சொற்களைப் பற்றியது. பள்ளியில் தமிழ்க் கட்டுரைக்கு, ஒரே சொல்லை மறுபடி மறுபடி எழுதாதே, வேறு சொல் தேடு என்று ஆசிரியர் சொல்லித் தந்தார். அங்கே அது சரி. இங்கே சொல்லை மாற்றினால் பொருள் மாறிவிடும். மனிதரின் உடல்நிலையையும் செயல்பாட்டையும் விவரிக்க உலக சுகாதார நிறுவனம் 2001ல் வெளியிட்ட ஐசிஎஃப் வகைப்பாட்டில் "கெப்பாசிட்டி" என்பது சீரான ஒரு சூழலில் ஒருவரால் செய்ய முடிவது. "பெர்ஃபார்மன்ஸ்" என்பது அவருடைய சொந்தச் சூழலில் அவர் உண்மையில் செய்வது. இரண்டும் திறமை என்று பொதுவாகத் தோன்றும். சிகிச்சை அறையில் தேநீர் போட்டவர் வீட்டில் போடாமல் இருப்பதை விளக்க இந்த இரண்டு சொல்லும் தனித்தனியாக வேண்டும். "மினிமல் அசிஸ்டன்ஸ்" என்றால் முயற்சியில் 75 விழுக்காடாவது நோயாளியே செய்கிறார் என்று கணக்கு. "கொஞ்சம் உதவி" என்று மாற்றினால் அந்தக் கணக்கு போய்விடும்.

ஆகவே காசு கொடுத்துத் திருத்துவதானால், அதற்குப் பல்கலைக்கழகம் அனுமதிக்கிறதா என்று கேட்டுவிட்டு, வாதமெல்லாம் முடிந்த கடைசி வரைவைக் கொடுங்கள். தொடக்கூடாத சொற்களின் பட்டியல் ஒன்றைக் கூடவே கொடுங்கள். இரண்டாயிரம் சொல் ஒப்படைப்புக்கு இது தேவையில்லை என்பது என் முடிவு. இறுதியாண்டு ஆய்வேட்டுக்கு ஒருவேளை தேவைப்படலாம்.

வகுப்புத் தோழிகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஒப்படைப்பின் விதிகள் அவர்களுக்குத் தெரியும். மேற்கோள் காட்டும் விதிநூலான ஏபிஏ ஏழாம் பதிப்பில் மூன்று பேரும் அதற்கு மேலும் எழுதிய கட்டுரை என்றால் முதல் தடவையே "எட் ஆல்" (மற்றும் பிறர்) போடலாம் என்பது போன்ற நுணுக்கங்களை ஒருவருக்கொருவர் நினைவூட்டுவார்கள். ஆனால் உங்களுக்குத் தெரிந்ததுதான் அவர்களுக்கும் தெரியும், உங்களுக்குப் புலப்படாத ஓட்டை அவர்களுக்கும் புலப்படாது. கோப்பை அனுப்பி வைப்பதும் நல்லதல்ல. ஒரே தலைப்பில் எழுதும் இருவர் வரைவைப் பரிமாறிக்கொண்டால் வாக்கியங்கள் ஒட்டிக்கொள்ளும், ஒத்த வாக்கியங்களைக் கண்டுபிடிக்கும் டர்னிட்டின் மென்பொருள் காட்டிக்கொடுக்கும். உட்கார்ந்து சத்தமாகப் படித்துக் காட்டுங்கள். கேட்பவர் வேறு துறையாக இருந்தால் இன்னும் நல்லது. தாதிமை படிக்கும் தோழிக்கு விளங்காத வாக்கியம் உங்கள் ஆசிரியருக்கும் சுமைதான்.

இப்போது எழுத்து ஆலோசகர். மாணவர்கள் மிகக் குறைவாகப் பயன்படுத்துவதும், நான் முதலிடம் கொடுப்பதும் இவருக்குத்தான். "அவங்களுக்கு நம்ம துறை தெரியாதே அக்கா" என்றாள் மாணவி. அதற்காகத்தான் போகச் சொன்னேன். பாட்டியையும் தெரியாது, பார்தலையும் தெரியாது, கோலம் என்றால் என்னவென்றுகூடத் தெரிந்திருக்காது. தாளில் இருப்பதை மட்டும்தான் அவரால் படிக்க முடியும்.

மறுநாள் அவள் வந்து சொன்னதை அப்படியே தருகிறேன். ஆலோசகர் அந்தப் பத்தியை இரண்டு தடவை படித்திருக்கிறார். பேனாவை எடுக்கவேயில்லை. "இந்தப் பத்தியைப் படித்து முடித்ததும் நான் எதை நம்ப வேண்டும்?" என்று கேட்டிருக்கிறார். மாணவி தடுமாறி, வாயாலேயே சொல்லிப் பார்த்திருக்கிறாள்: "ஸ்கோர் ஏறிடுச்சு, கையும் நல்லா வந்துடுச்சு, ஆனாலும் மூணு வாரம் அவங்க கோலமே போடலை." "இது எங்கே எழுதியிருக்கிறது?" என்றாராம் ஆலோசகர். எங்கும் எழுதியிருக்கவில்லை. கட்டுரையிலேயே மிக முக்கியமான செய்தி அவள் தலைக்குள் மட்டும் இருந்திருக்கிறது.

நான் அந்த வரைவை அதற்கு முன்னால் முழுக்கப் படித்தவள். "இதன் விளைவாக" என்பதைப் பிடித்தேன். இந்த ஓட்டையைப் பிடிக்கவில்லை. எனக்குப் பாட்டியைத் தெரியும், அந்த மூன்று வாரமும் தெரியும். படிக்கும்போது இல்லாததை நானே நிரப்பிக்கொண்டு போயிருக்கிறேன். வார்டில் இருக்கும் எங்களை முதல் வாசகராக்குவதில் உள்ள குறை இதுதான், இதை நான் அன்று நேருக்கு நேர் பார்த்தேன்.

ஆலோசகரிடம் போவதற்கு முன்னால் மூன்று விஷயம். சந்திப்பு அரை மணி, முக்கால் மணி என்று குறுகியதாகத்தான் இருக்கும்; முழுக் கட்டுரையையும் தூக்கிக்கொண்டு போகாமல், உங்களை உறுத்தும் ஒரு பக்கத்தையும் ஒப்படைப்பின் அறிவுறுத்தலையும் எடுத்துப் போங்கள். நோயாளியின் அடையாளம் காட்டும் விவரங்களை அந்தப் பக்கத்திலிருந்து முன்பே எடுத்துவிடுங்கள். பருவ இறுதியில் இடம் கிடைக்காது, எழுதத் தொடங்கும் நாளிலேயே பதிவு செய்யுங்கள். அவர் உங்களுக்காக இலக்கணம் திருத்தித் தரமாட்டார். நீங்கள் சொல்லும் மருத்துவக் கூற்று சரியா தவறா என்றும் அவரால் சொல்ல முடியாது.

அந்தக் கடைசி வேலைக்குத்தான் வார்டு. ஆலோசகரின் கேள்வியோடு அவள் திரும்பி வந்தபோது என் கேள்விகளும் மாறின. பாட்டி மாவை எந்தக் கையில் எடுத்தார்? நின்றா, குனிந்தா, உட்கார்ந்தா? வாசலில் எந்த இடம்? அவளிடம் எல்லாவற்றுக்கும் விடை இருந்தது. கோலமாவைக் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே பிடித்து, கொஞ்சம் கொஞ்சமாக விட வேண்டும். சிகிச்சை அறையில் அந்தப் பிடி இரண்டாம் வாரமே வந்துவிட்டது. வீட்டைப் பார்க்கப் போனபோதுதான் விஷயம் தெரிந்தது. இரும்புக் கதவைத் தாண்டி, படி ஒன்று இறங்கி, பொது நடைபாதையில் குனிய வேண்டும். பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லை. பாட்டி கதவைப் பிடித்தபடியே நின்று, "விழுந்துட்டா யார் தூக்குவா" என்றாராம். ஒரு முக்காலியைப் போட்டு, மகளைப் பக்கத்தில் நிற்கவைத்த பிறகுதான் நான்கு புள்ளிக் கோலம் ஒன்று வந்தது.

வார்டுக் குறிப்பு எழுதும் முறையையே அவளுக்கு நினைவூட்டினேன். 1960களில் லாரன்ஸ் வீட் என்ற அமெரிக்க மருத்துவர் கொண்டுவந்த முறையிலிருந்து பிறந்த நான்கு பகுதிக் குறிப்பு, நாம் தினமும் எழுதுவது: நோயாளி சொன்னது, நாம் கண்டது, நம் கணிப்பு, திட்டம். அவளுடைய பத்தியில் முதல் இரண்டு இருந்தன. கணிப்பு இல்லை. வார்டில் அதை ஒருநாளும் விடாதவள் கட்டுரையில் விட்டிருந்தாள். கட்டுரை என்றதும் பள்ளியில் பழகிய முன்னுரை மனதில் வந்து, "இந்தியப் பெண்களின் வாழ்வில்" என்று எங்கோ தொலைவிலிருந்து தொடங்கிவிட்டாள்.

இரண்டு இரவுக்குப் பிறகு பத்தி இப்படி ஆனது:

"மாற்றியமைக்கப்பட்ட பார்தல் குறியீட்டில் 62லிருந்து 78க்கு உயர்ந்த பிறகும், விரல் பிடி திரும்பிய பிறகும், நோயாளி மூன்று வாரங்கள் கோலம் போடவில்லை. தடையாக இருந்தது கையின் பலவீனம் என்பதைவிட, பிடிமானமற்ற நடைபாதையில் குனிந்தால் விழுந்துவிடுவோம் என்ற அச்சம் என்று தோன்றுகிறது. உட்கார்ந்து போட முக்காலி தந்த அன்றே அவர் கோலம் போட்டது இதற்கு இசைவாக இருக்கிறது. கனடிய ஆக்குபேஷனல் செயற்பாட்டு அளவையில், கோலம் போடுவதற்குத் தமக்குத் தாமே அவர் கொடுத்த மதிப்பெண் 2லிருந்து 5க்கு உயர்ந்தது. பார்தல் குறியீடு இந்த மாற்றத்தைக் காட்டியிருக்காது."

"என்று தோன்றுகிறது", "இசைவாக இருக்கிறது" என்ற சொற்களைக் கவனியுங்கள். முதல் வரைவில் ஏஐ சேர்த்த "இதன் விளைவாக" போய், சான்று தாங்கும் அளவுக்கு மட்டும் பேசும் சொற்கள் வந்திருக்கின்றன. தமக்கு முக்கியமான செயலை நோயாளி தாமே பத்துக்கு மதிப்பிடும் அந்தக் கனடிய அளவையில் இரண்டு புள்ளி மாற்றத்தையே முக்கியமானதாகக் கொள்வது வழக்கம் என்பதால் மூன்று புள்ளிக்கு எடை உண்டு. மனிதர், சூழல், செயல் மூன்றையும் சேர்த்துப் பார்க்கும் 1996ஆம் ஆண்டு பிஇஓ மாதிரியை அடுத்த பத்தியில் அவள் கொண்டுவந்தபோது, அது அலங்காரமாக ஒட்டாமல் முக்காலிக்கே விளக்கமாக வந்து அமர்ந்தது. ஆங்கிலத்தில் இந்தப் பத்தியில் இரண்டு சின்னப் பிழைகள் இருந்தன. அவளே கண்டுபிடித்தாள்.

மதிப்பெண் போடும் ஆசிரியரிடம் எப்போது போவது? பலர் ஒரு வரைவுக்கு மேல் பார்க்க மாட்டார்கள். அந்த ஒரே வாய்ப்பைக் காற்புள்ளிக்குச் செலவழிக்காதீர்கள். முழு வரைவைவிட, உங்கள் கேள்வியையும் கட்டுரையின் எலும்புக்கூட்டையும் அரைப் பக்கத்தில் காட்டி, "இந்த வழி சரியா?" என்று கேட்பதே பலன் தரும்.

இந்த வரிசை நோயாளி ஒருவரைப் பற்றிய கட்டுரைக்கானது. எழுதும் வகை மாறினால் முதல் வாசகரும் மாறுவார். ஓர் அனுபவத்தைப் படிப்படியாக அலச உதவும் கிப்ஸின் 1988ஆம் ஆண்டுச் சுழற்சியை வைத்துப் பயிற்சி அனுபவத்தை அசைபோட்டு எழுதுவதானால், வார்டில் உங்களை மேற்பார்வை செய்பவரிடமே முதலில் போங்கள். அன்று அந்த அறையில் என்ன நடந்தது என்று அவருக்குத் தெரியும், நீங்கள் தவிர்க்கப் பார்க்கும் பகுதியை அவர்தான் மென்மையாகத் தொடுவார். ஆய்வுக் கட்டுரைகளைத் தொகுத்து எழுதுவதானால், ஒரு வரி எழுதுவதற்கு முன்பே நூலகரைப் பாருங்கள். மருத்துவக் கட்டுரைகளைத் தேடும் பப்மெட் தளம் யாருக்கும் இலவசம். எங்கள் துறைக்கு அதைவிடப் பொருந்தும் சினால் தளத்துக்குப் பல்கலைக்கழகச் சந்தா வேண்டும். இரண்டிலும் ஒரே தேடுசொல் ஒரே மாதிரி வேலை செய்யாது. தேடலில் விட்ட ஓட்டையை எழுதி முடித்த பிறகு யாராலும் அடைக்க முடியாது.

ஆள் கிடைக்காத இரவுக்கும் ஒரு வாசகர் உண்டு: சுகாதார ஆய்வுகளை எழுதும் முறைக்காக ஈக்வேட்டர் வலையமைப்பு இலவசமாகத் தொகுத்து வைத்திருக்கும் சரிபார்ப்புப் பட்டியல்கள். நோயாளி அறிக்கைக்கு 2013ல் வந்த கேர், முறைசார் தொகுப்பாய்வுக்கு 27 அம்சங்கள் கொண்ட பிரிஸ்மா 2020, நேர்காணல் ஆய்வுக்கு 32 அம்சங்கள் கொண்ட கோரெக். உங்கள் வகைக்குரிய பட்டியலை எடுத்து, ஒவ்வோர் அம்சமும் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று பென்சிலில் எழுதுங்கள். பக்க எண் எழுத முடியாத இடம்தான் நாளைய வேலை.

ஒன்பது நாள் இல்லை, இரண்டே நாள்தான் என்றால்? அப்போது ஆலோசகரும் கிடைக்கமாட்டார், நாங்களும் பணியில் இருப்போம். வீட்டில் அம்மாவோ அண்ணனோ இருப்பார். கட்டுரையின் வாதத்தை மட்டும், நோயாளி யாரென்று காட்டும் எதையும் சொல்லாமல், கலைச்சொல் இல்லாத தமிழில் மூன்று நிமிடம் சொல்லுங்கள். அம்மா "சரி, அப்ப எதுக்கு அப்படி ஆச்சு?" என்று கேட்கும் இடத்தைக் குறித்துக்கொண்டு அந்தப் பத்தியை முதலில் திருத்துங்கள். மீதி நேரத்தில் ஒவ்வொரு மேற்கோளையும் திறந்து பாருங்கள். இலக்கணம் பார்ப்பதைக் கடைசி ஒரு மணி நேரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.